கீழிருந்து வந்த குளிர்

பவுனம்மாளுக்குக் குளிர் தாங்காது என்று கோயில் மகளிர் குழுவின் வாட்ஸ்அப்பில் எழுதியிருந்தான் தனேஷ்.

அதைப் படித்தபோது அவள் மைனஸ் பதினெட்டு டிகிரி அறையிலிருந்து அப்போதுதான் வெளியே வந்திருந்தாள். புருவத்தில் பனிப்பொடி கூட உதிர்ந்திருக்கவில்லை. கிள்ளானை அடுத்த பண்டமாரானில், துறைமுகத்துக்குப் போகும் சாலையோரம் இருக்கும் அந்தக் கோல்ட் ரூமில் அவளுக்குப் பத்தொன்பது வருடச் சர்வீஸ். உறைந்த கோழியும் இறாலும் ஆட்டிறைச்சியும் பெட்டி பெட்டியாக அவள் கை வழியாகத்தான் உள்ளே போகும், வெளியே வரும்.

"வணக்கம் சகோதரிகளே. பொங்கலுக்கு அப்புறம் கேமரன் ட்ரிப் கன்ஃபர்ம். போன தடவை பவுனம்மா அக்காவுக்குக் குளிர் தாங்கலை. சொன்னபடி உடுத்தலை. ராத்திரி எழுந்து வேன்ல போய் உக்காந்துட்டாங்க, எல்லாருக்கும் டென்ஷன். அவங்க சேஃப்டிக்காக இந்தத் தடவை அவங்க பேரை எடுத்துட்டோம். அந்த இடத்துல ராஜம்மா அக்கா வர்றாங்க."

அதற்குக் கீழே ஒன்பது கும்பிடும் கைகள். ஒரே ஒரு சிரிக்கும் முகம்.

பக்கத்தில் நின்ற பரீதா எட்டிப் பார்த்துப் படித்தாள். பவுனம்மாளுடன் பதினொரு வருடமாகப் பெட்டி அடுக்குகிறவள் அவள்.

"உங்களுக்குக் குளிர் தாங்காதாமா? நல்லா இருக்கு லா இது! அப்ப நாம ரெண்டு பேரும் இங்க என்ன, வெயில் காயவா வர்றோம்?"

பவுனம்மாள் சிரிக்கவில்லை. பேரை எடுத்தது கூட அவளுக்குப் பெரிதாகப் படவில்லை. "சொன்னபடி உடுத்தலை" என்ற இரண்டே வார்த்தைதான் தொண்டையில் மீன் முள்ளைப் போல மாட்டிக்கொண்டது. சொன்னபடி உடுத்தினாள். சொன்னதற்கு மேலேயே உடுத்தினாள். அது மட்டுமா, வாயைத் திறந்து கேட்கவும் கேட்டாள். கேட்ட மனுஷியைக் கேட்கவே இல்லை என்பது போல எழுதுவது என்ன நியாயம்?

நடந்தது இதுதான். தீபாவளி கழிந்து நவம்பரில், கோயில் மகளிர் குழுவில் பன்னிரண்டு பெண்கள் சேர்ந்து கேமரன் மலைக்குப் போனார்கள். பிரிக்ஃபீல்ட்ஸில் முகாம் சாமான்கள் விற்கவும் வாடகைக்கு விடவும் கடை வைத்திருக்கும் தனேஷ்தான் ஏற்பாடு. முப்பது வயதுப் பிள்ளை. பேச்சில் முன்னுக்கு ஓர் அக்கா, பின்னுக்கு ஓர் அக்கா போடாமல் பேசமாட்டான். ஏழு பேருக்குக் கூடாரம், ஐந்து பேருக்கு ஹேமக். இரண்டு மரத்துக்கு நடுவில் கட்டித் தொங்கவிடும் அந்தத் துணிப் படுக்கையைக் கோயில் மண்டபத்துத் தூணில் கட்டிக் காட்டியபோது, "பெரியவங்க தூளிடி இது" என்று பெண்கள் சிரித்த சிரிப்பில் குருக்களே எட்டிப் பார்த்தார்.

பவுனம்மாள் ஹேமக்கைக் கேட்டு வாங்கிக்கொண்டாள். அதற்கு அவளிடம் ஒரு கணக்கு இருந்தது. கோல்ட் ரூமுக்குப் புதிதாக வருகிறவர்களிடம் அவள் முதலில் சொல்வது, "தரையில உக்காராத, உடம்புச் சூட்டைத் தரை உறிஞ்சிரும், அடியில அட்டை போடு" என்பதுதான். ஹேமக்கில் தரையே இல்லையே! தரை இல்லாவிட்டால் உறிஞ்ச என்ன இருக்கிறது? அப்படித்தான் நினைத்தாள்.

முதல் ஒரு மணி நேரம் சொர்க்கம். இரண்டு காலுறை, பின்னல் தொப்பி, வேலையிடத்து ஜெக்கெட், அதற்கு மேல் தனேஷ் கொடுத்த தடித்த சிலீப்பிங் பேக். இலைகளுக்கு நடுவே நட்சத்திரம் தெரிந்தது. அம்மனை நினைத்துக் கண்ணை மூடினாள்.

பிறகு தோள்பட்டைக்கு அடியில் யாரோ ஈரத்துணியை வைத்தது போல இருந்தது. அப்புறம் இடுப்பு. அப்புறம் கெண்டைக்கால். மார்பு வெதுவெதுப்பாகத்தான் இருந்தது, முதுகு மட்டும் விறைத்தது. புரண்டு படுத்தால் புரண்ட பக்கம் விறைத்தது.

"தம்பி, முதுகு குளிருதுப்பா."

அவன் எழுந்து வந்தான். அதைச் சொல்லாமல் விட்டால் பாவம். ஒரு போர்வையைக் கொண்டுவந்து மேலே போர்த்திவிட்டுப் போனான். அடுத்த மணி நேரத்தில் அவள் மறுபடியும் கூப்பிட்டாள். இந்தத் தடவை அவன் கூடாரத்துக்குள்ளிருந்தே பதில் சொன்னான்.

"வயசு லா அக்கா, ரத்த ஓட்டம் கம்மி. சூடு வந்துரும், தூங்குங்க."

மூன்றாவது தடவை அவள் கூப்பிடவில்லை. பல் கிடுகிடுக்க நடந்து போய் வேன் கதவைத் தட்டினாள். வேன் ஓட்டுநர் ஒரு வார்த்தை கேட்காமல் ஹீட்டரைப் போட்டுவிட்டு, தன் ஃப்ளாஸ்க்கில் மிச்சமிருந்த தேநீரை மூடியில் ஊற்றிக் கொடுத்தார். அந்த மூடித் தேநீரை அவள் இன்றைக்கும் சாமி கும்பிடும்போது நினைத்துக்கொள்கிறாள்.

வாட்ஸ்அப்பில் அதைப் படித்த அன்று சாயங்காலம் வேலை முடிந்ததும் தனேஷுக்குப் போன் போட்டாள்.

"தம்பி, நான் உன்னை ரெண்டு தடவ கூப்பிட்டேனா இல்லியா?"

"அக்கா, ரிலெக்ஸ் லா. உங்க நல்லதுக்குத்தானே எழுதினேன்."

"என் நல்லத நான் பாத்துக்குறேன். கூப்பிட்டேனா இல்லியா?"

மோட்டார் சைக்கிள் சத்தத்துக்கு மேலாக அவன் குரலை உயர்த்தினான்.

"ஞாபகம் இல்லக்கா. அவ்வளவு பேரு இருந்தாங்க."

விளக்கு ஏற்றும்போது கூட அவளுக்குக் கோபம் ஆறவில்லை. அம்மனிடம் அவனுக்கு ஒரு கெடுதலும் கேட்கவில்லை. அவள் அப்படிக் கேட்கிற ஆள் இல்லை. "அந்தப் பிள்ளைக்கு ஞாபகத்த மட்டும் குடு தாயே" என்றாள். பிறகு மனசு கேட்காமல், "கொஞ்சம் சீக்கிரமா குடு" என்று சேர்த்துக்கொண்டாள்.

திங்கட்கிழமை காலையில் சூப்பர்வைசர் சிவநேசன் பெட்டி தூக்கும் ஃபோர்க்லிஃப்ட் வண்டிக்காரன் ஒருவனைப் பிடித்துத் திட்டிக்கொண்டிருந்தார். அவன் புதிதாக வந்த கோழிப் பெட்டிகளைப் பேலட் என்னும் மரச்சட்டத்தின் மேல் ஏற்றாமல் வெறுந்தரையில் அடுக்கிவிட்டான்.

"எத்தன தடவ சொல்றது? பேலட் மேல வை, பேலட் மேல வை! அடியில காத்து ஓடுனாத்தானே கீழ இருக்குற கோழி உறையும்? மேல மட்டும் காத்து பட்டா போதுமா?"

பவுனம்மாள் இறால் பெட்டியைக் கையில் பிடித்தபடி அப்படியே நின்றுவிட்டாள்.

"பரீதா!"

"என்னக்கா? பெட்டி கால்ல விழப்போவுது."

"அவன் என்னைப் பேலட் மேல வச்சிட்டான்டி."

"யாரு?"

"அந்தப் பிரிக்ஃபீல்ட்ஸ்காரன். தரை இல்லாட்டி குளிராதுன்னு நான் நெனச்சேன். தரை இல்லாட்டித்தான் காத்து அடியில பூந்து ஓடும்! பத்தொம்பது வருசமா கோழியை அப்படித்தானே உறைய வைக்கிறோம். என்னையும் அதே மாதிரி தொங்கவிட்டு உறைய வச்சிருக்கான். மேல போர்வை போட்டா என்ன ஆவும்? மேல எனக்குக் குளிரவே இல்லியே!"

"சிலீப்பிங் பேக் அடியிலயும் இருந்துச்சுல்ல?"

"இருந்துச்சு. என் எடையில அப்பளம் மாதிரி நசுங்கிப்போயி இருந்துச்சு. நசுங்குன பஞ்சுல எங்க இருக்கு சூடு?"

பரீதா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். சிரித்து முடித்ததும் வேலைக்காரியின் புத்தி வந்துவிட்டது அவளுக்கு. லோரியில் ஏற்றும் சரக்கு சூடாகிவிடாமல் இருக்க மேலே போர்த்துகிற வெள்ளி உறைகள் பின்பக்கம் கிழிந்து கிடக்கின்றன. இரண்டு பக்கமும் வெள்ளித்தாள், நடுவில் மெத்தென்ற நுரை. குளிரை உள்ளே நிறுத்துகிற சாமான், திருப்பிப் போட்டால் உடம்புச் சூட்டையும் நிறுத்தாதா?

"ஆனா படுக்கைக்குள்ள போட்டா அதுவும் நசுங்கும்" என்றாள் பவுனம்மாள். "வெளியில, ஹேமக்குக்கு அடியில தொங்கணும். தொட்டும் தொடாம."

குப்பைக்குப் போகிற சாமான்தான். இருந்தாலும் பவுனம்மாள் சிவநேசனிடம் போய் நின்றாள்.

"எடுத்துட்டுப் போங்க பவுனக்கா, இதுக்கெல்லாம் கேக்கணுமா?"

"வெளிய கொண்டுபோக கேட் பாஸ் எழுதிக் குடுங்க, பாஸ்."

"கிழிஞ்ச உறைக்குக் கேட் பாஸா?"

"எழுதிக் குடுங்க. ஒரு பொய்யி என் மேல எழுதியாச்சு, அது போதும்."

கிள்ளானில் ஜவுளிக்கடை வைத்திருக்கும் நூர் முகம்மது பரீதாவின் கணவர். கடைத் தையல் இயந்திரத்தில் அவரே உட்கார்ந்து, வெள்ளி உறையின் ஓரத்தை மடித்துத் தைத்து, நான்கு மூலையிலும் கயிற்று வளையம் வைத்துக் கொடுத்தார். என்ன ஏது என்று கேட்டுவிட்டு, "குளிருதுன்னு சொன்ன பொம்பளைய விலக்கி வைக்கிறதா? சும்மா விடாதீங்க, தங்கச்சி" என்றார்.

பவுனம்மாள் முதலில் இராஜம்மாவைத்தான் கூப்பிட்டாள். முட்டி வலியோடு அறுபத்திரண்டு வயதில் முதல் தடவையாக மலைக்குப் போகிறவள். இந்தத் தடவை பன்னிரண்டு பேருக்கும் ஹேமக்காம். புதிதாக வாங்கியிருக்கிறானாம்.

"ராஜம்மாக்கா, அதுல அடியில ஒன்னும் கிடையாது. நான் ஒன்னு தச்சு வச்சிருக்கேன், எடுத்துட்டுப் போங்க."

"உனக்கு இடம் போன வயித்தெரிச்சல்டி, பவுனு" என்றாள் இராஜம்மா. கெட்டவள் அல்ல, ஆசையில் சொல்லிவிட்டாள். "அந்தத் தம்பி எக்ஸ்பர்ட்டு. நீ கோழி அடுக்குறவ."

போனை வைத்துவிட்டுப் பவுனம்மாள் வெகுநேரம் சமையலறையிலேயே நின்றாள். கோழி அடுக்குகிறவள்தான். கோழி அடுக்குகிறவளுக்குத் தெரிந்தது எக்ஸ்பர்ட்டுக்குத் தெரியவில்லை. தெரியாதது குற்றமில்லை. சொன்னவளைப் பொய்க்காரி ஆக்கிவிட்டு, அந்தப் பொய்யை நம்பிப் பன்னிரண்டு பெண்களை மலைக்கு ஏற்றுகிறானே, அதுதான் குற்றம். தன் பேச்சை நம்ப வைக்காவிட்டால் அந்தப் பன்னிரண்டு முதுகும் விறைக்கும்.

மறுநாள் லீவு போட்டுவிட்டுப் பிரிக்ஃபீல்ட்ஸுக்கு ரயில் ஏறினாள். கடையில் இரண்டு வாடிக்கையாளர்கள் இருந்தார்கள். தனேஷ் அவளைப் பார்த்ததும், "வாங்கக்கா, வாங்கக்கா" என்று நாற்காலியை இழுத்துப் போட்டான். அவள் உட்காரவில்லை.

"சனிக்கிழமை மத்தியானம் எங்க வேலையிடத்துக்கு வா. உன் ஹேமக்கு, உன் சிலீப்பிங் பேக்கு, நீ சொல்ற மாதிரி உடுப்பு. லோரி மேடைக்குப் பக்கத்து முன்னறையில பன்னெண்டு டிகிரி. கேமரன் ராத்திரி மாதிரியேதான். ஒரு மணி நேரம் படு. முதுகு குளிரலன்னா நானே குழுவுல மன்னிப்புக் கேக்குறேன்."

"என்னக்கா இது, சின்னப்பிள்ள விளையாட்டு..."

"மலைக்குப் போகாம, பத்து ரிங்கிட் பெட்ரோல்லயே அந்தக் குளிருக்கு வரலாம்னு சொல்றேன். பயமா?"

வாடிக்கையாளர்களில் ஒருவர் மெல்லச் சிரித்தார். தனேஷ் வருவதாகச் சொன்னான்.

சனிக்கிழமை சிவநேசனே ஹேமக் கட்ட இரண்டு மஞ்சள் தூண்களைக் காட்டினார். இராஜம்மாவும் வந்திருந்தாள். எக்ஸ்பர்ட்டு ஜெயிப்பதைப் பார்க்கத்தான் வந்திருக்கவேண்டும், வீடியோ எடுக்கப் போனில் முழுச் சார்ஜ் ஏற்றியிருந்தாள். தனேஷ் நொடியில் ஹேமக்கைக் கட்டினான். கை வேலை சுத்தம். பவுனம்மாள் அதை மனசுக்குள் ஒத்துக்கொண்டாள். உடுத்தி, உள்ளே புகுந்து, கழுத்துவரை ஜிப்பை இழுத்துக்கொண்டான். மேலே குளிர்காற்றை ஊதும் விசிறிகள் உறுமின.

"தூளிய ஆட்டவா தம்பி?" என்றாள் பரீதா. "எனக்குத் தாலாட்டெல்லாம் தெரியும்."

"ஆட்டுங்கக்கா, தூங்கிருவேன்."

பத்து நிமிடம் அவன் ஜோக்கடித்தான். இருபது நிமிடத்தில் ஜோக் நின்றது. அரை மணியில் இடப்பக்கம் புரண்டான், உடனே வலப்பக்கம் புரண்டான். நாற்பதாவது நிமிடத்தில் ஒரு காலை இன்னொரு காலோடு உரசிக்கொண்டிருந்தான்.

"எப்படி தம்பி?" என்று கேட்டார் சிவநேசன். போனைத் தூக்கி வீடியோ எடுக்கத் தொடங்கியிருந்தார்.

"ஓகே லா... ஓகே."

பவுனம்மாள் இந்த நிமிடத்தைச் சில நாளாக மனசுக்குள் ஓட்டிப் பார்த்திருந்தாள். அவன் விறைப்பான், எல்லாரும் சிரிப்பார்கள், அந்தச் சிரிப்பு அப்படியே குழுவுக்குப் போகும். சிரிக்கும் முகம் போட்டவள் யாரோ, அவளும் பார்க்கட்டும். ஆனால் கிட்டே போனபோது நீலம் தட்டிய அவன் உதட்டைப் பார்த்தாள். அந்த நிறம் அவளுக்குத் தெரியும். வேலைக்கு வந்த முதல் வாரத்தில், சொன்னால் கேவலம் என்று வாயை மூடிக்கொண்டு நிற்கிற பிள்ளைகளின் உதட்டில் பார்த்திருக்கிறாள். பத்தொன்பது வருடத்தில் அப்படி ஒரு உதட்டைப் பார்த்துவிட்டு அவள் கையைக் கட்டிக்கொண்டு நின்றதில்லை.

கோபம் அப்படியேதான் இருந்தது. கை மட்டும் அதன் பாட்டுக்கு வெள்ளி உறையை விரித்தது. குனிந்து, ஹேமக்குக்கு அடியில் நான்கு வளையத்தையும் மாட்டினாள். துணியை உறை தொட்டும் தொடாமலும் நிற்கும்படி கயிற்றை இழுத்துச் சரி செய்தாள்.

"நேரம் இன்னும் முடியல பவுனக்கா!" என்றார் சிவநேசன்.

"முடிஞ்சிருச்சு பாஸ். பிள்ளைக்கு நடுங்குது."

நான்கைந்து நிமிடம் கழித்துத் தனேஷின் தோள் தளர்ந்தது. கால் உரசுவது நின்றது. இன்னும் கொஞ்ச நேரம் கழித்து ஜிப்பைத் திறந்து எழுந்து உட்கார்ந்தான். ஹேமக் ஆடியது. அவன் யார் முகத்தையும் பார்க்காமல், அடியில் தொங்கிய வெள்ளி உறையைக் கையால் தடவினான்.

"நான் எதுவும் கேக்கவே இல்லியேக்கா."

"நீ கேக்கமாட்ட. ஆனா நான் கேட்டேன், தம்பி." அவள் குரல் அந்த அறை முழுக்கக் கேட்டது. "வெக்கத்த விட்டுட்டு ரெண்டு தடவ கேட்டேன். நீ என்னை வயசாயிருச்சுன்ன. சொன்னபடி உடுத்தலன்னு ஊருக்கே எழுதுன. ஞாபகம் இல்லன்ன."

தனேஷ் தொப்பியைக் கழற்றினான்.

"ஞாபகம் இருக்குக்கா" என்றான். "அன்னைக்கே இருந்துச்சு. போன்ல நீங்க கேட்டப்பவும் இருந்துச்சு. பன்னெண்டு ஹேமக்கு ஓர்டர் போட்டுட்டேன். நீங்க சொல்றது சரின்னா, நான் எல்லாருக்கும் சொல்லிக்குடுத்ததே தப்புன்னு ஆயிரும். உங்க மேல தப்புன்னு எழுதுறது லேசா இருந்துச்சு."

இராஜம்மா கையிலிருந்த போனைக் கைப்பைக்குள் போட்டு மூடினாள்.

"எழுது" என்றாள் பவுனம்மாள். "நீட்டி முழக்காத. நடந்தத எழுது."

விறைத்த விரலால் தட்டித் தட்டி அவன் எழுதினான். "பவுனம்மா அக்கா சொன்னபடிதான் உடுத்தினாங்க. முதுகு குளிருதுன்னு ரெண்டு தடவை கேட்டாங்க. நான் கவனிக்கலை. பிறகு பொய் எழுதினேன். ஹேமக்ல குளிர் கீழே இருந்து வரும். அடியில உறை இல்லாம இனிமே யாரையும் படுக்க வைக்கமாட்டேன். அக்கா பேரு லிஸ்ட்ல இருக்கு."

அனுப்பிய சத்தம் பவுனம்மாளின் போனிலும் இராஜம்மாவின் கைப்பைக்குள்ளும் ஒன்றாகக் கேட்டது. இந்தத் தடவை கும்பிடும் கைகள் வரவில்லை. பிறகு, நவம்பரில் ஹேமக்கில் படுத்த மலர் எழுதினாள்: "எனக்கும் முதுகு விறைச்சுப்போச்சு. சொல்ல வெக்கமா இருந்துச்சு." அடுத்து இன்னொருத்தி: "நான் விடியவிடிய தூங்கல. வயசுன்னு நெனச்சேன்." அப்புறம் இன்னும் ஒருத்தி.

ஐந்து பேரில் நான்கு பேர் விறைத்திருக்கிறார்கள். வாயைத் திறந்தது ஒருத்தி. பேரை எடுத்ததும் அவள் பேரைத்தான். பவுனம்மாளுக்குப் படிக்கப் படிக்கக் கோபம் புதிதாகக் கிளம்பியது. இந்தத் தடவை அது தனேஷ் மேல் மட்டும் இல்லை.

"பாஸ், அந்த வீடியோவ அழிச்சிருங்க."

"நல்லா வந்திருக்கு, பவுனக்கா..."

"அழிச்சிருங்க. எழுதுனது போதும்."

எல்லாரும் முன்னறையை விட்டு லோரி நிற்கும் மேடைக்கு வந்தார்கள். வெளியே கிள்ளான் வெயில் கண்ணைக் கூசவைத்தது. இராஜம்மா வெள்ளி உறையை இரண்டு கையாலும் விரித்துத் தன் இடுப்போடு வைத்து அளந்து பார்த்தாள்.

"எனக்கு இது பத்தாதுடி பவுனு. இன்னும் ஒரு முழம் அகலம் வேணும்."

"கோழி அடுக்குறவ தச்சது வேணுமாக்கும்?"

"வேணும்டி" என்றாள் இராஜம்மா, தலையைக் குனிந்துகொண்டு. "மன்னிச்சுக்கோ."

பின்பக்கம் பரீதா கிழிந்த உறைகளை ஒவ்வொன்றாக உதறி எண்ணிக்கொண்டிருந்தாள். பதினாலு தேறும், எல்லாருக்கும் வரும், நூர் முகம்மதுக்கு இந்த வாரம் சோறு தண்ணி இல்லாத வேலை என்றாள். சிவநேசன் பெருமூச்சுவிட்டபடி கேட் பாஸ் புத்தகத்தைத் தேடினார்.

தனேஷ் மேடையின் ஓரத்தில் கையைத் தேய்த்துக்கொண்டு நின்றான். வெயிலில் நின்றும் அவனுக்கு இன்னும் நடுக்கம் போகவில்லை. பவுனம்மாள் தன் ஃப்ளாஸ்க்கைத் திறந்து, மூடியில் தேநீர் ஊற்றி, அவனிடம் நீட்டினாள்.

"அக்கா..."

"எனக்கு உம்மேல கோவம் இன்னும் போகல" என்றாள். "குடி. ஆறிரும்."